அக்காவின் ஆஸ்பத்திரி வகுப்பு

முதலில் என் கையெழுத்துக்காக மன்னியுங்கள். எழுத்துகள் கரைவலை இழுக்கிற ஆட்கள் மாதிரி எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். எந்த ர, எந்த ற என்பதில் இன்றைக்கும் சந்தேகம் உண்டு. பிழைகளை மகள் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். சனசமூக நிலையத்தில் நம் வயதுக்காரர் ஆளுக்கொரு பழைய கதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தபோது நான் கடைசி வாங்கில் இருந்தேன். எழுந்து நின்று ‘என்னால் ஏலாது’ என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் எழுத வேண்டியதாகிவிட்டது.

அது கச்சான் காற்று வீசிய காலம். வாய்க்குள் எப்போதும் மண். காய்ந்த கிடுகு வேலி நாள் முழுக்கச் சரசரத்துக்கொண்டிருக்கும். ஊருக்கு ஒரு பக்கம் ஆமியின் சோதனைச் சாவடி, மறுபக்கம் துவக்கோடு இயக்கப் பெடியள், பின்னால் குடாக்கடல். சாவடி தாண்டினால் மூதூர். அங்கே லோஞ்ச் படகில் ஏறினால் திருகோணமலை. பொழுதுபட்டபின் கரையில் நின்றால் டவுன் வெளிச்சம் ஒன்று ஒன்றாகத் தெரியும். தெரியும், அவ்வளவுதான். அங்கே போக பாஸ் வேண்டும், காரணம் வேண்டும், சாவடியில் நிற்கிறவனுக்கு அன்றைக்கு நல்ல மனம் வேண்டும்.

வீட்டில் அம்மா, அக்கா, நான். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடல் கிடைக்காததால் அம்மா தாலியைக் கழற்றவில்லை, சட்டைக்குள் மறைத்துப் போட்டிருந்தார்.

அக்கா சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். எங்கள் ஊர் மருந்துச்சாலை பூட்டிக் கிடந்ததால் காயம் பட்டவர்கள் அவளிடம்தான் வருவார்கள். பழைய வேட்டியைக் கிழித்து, அவித்து, வெயிலில் காயப்போட்டு, சுருட்டி, மாமாவீட்டு வெறும் பால்மாத் தகரப் பேணியில் அடைத்து வைத்திருப்பாள். அந்தப் பேணியைத் திறந்தால் வெயில் மணக்கும். காலில் மட்டி கிழித்துக்கொண்டு வந்த கிழவன்மார் “டொக்டரம்மா” என்று கூப்பிட்டால் அவளுக்குக் கோபம் வரும். “டொக்டர் இல்ல, நேர்ஸ். நான் நேர்ஸாத்தான் வரப்போறன்” என்பாள்.

அந்த வருடம்தான் சண்டைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் என்று பெடியள் கேட்டு வரத் தொடங்கினார்கள். நான் சின்னவன். ஆகவே எங்கள் வீட்டு ஆள் என்றால் அது அக்காதான். அம்மா சமைப்பதையும் விட்டுவிட்டு வேலிப் படலையைப் பார்த்தபடி இருப்பார்.

அதற்கு வழி கண்டுபிடித்தவர் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா.

“கலியாணம் முடிச்ச பிள்ளையள அவங்கள் கேக்கிறேல்ல. என்ர பெடியன்ர பேரைச் சொல்லுவம். அவன் கட்டார்ல வேலைக்கு நிக்கிறான். ஆர் போய் விசாரிக்கிறது?”

மாமி குசினி வாசலில் நின்று, “கலியாணம் எண்டா என்ன, கோழிக் களவே? ஒரு பேரைச் சொல்லிச் சமாளிக்கிறதுக்கு?” என்றார்.

“சும்மா ஒரு கயிறு, தங்கச்சி. சண்டை ஓய்ஞ்சாக் கழட்டி எறியிறது” என்றார் மாமா, அம்மாவிடம்.

“கண்ணாடி போட்ட பெட்டையை என்ர பெடியன் திரும்பியும் பாக்கமாட்டான். அதையும் இப்பவே சொல்லிப்போட்டன்” என்றார் மாமி.

ஊரில் மாமியைக் கருங்கல் என்பார்கள். அக்காவும் மாமியும் நேருக்கு நேர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

மாமா ஊர்க் கடைக்கார முதலாளியிடம் கதையை விட்டார்: தன் மகன், எங்கள் மச்சான், லீவில் கொழும்புக்கு வருகிறார், தாலி கட்டு அங்கேதான். அம்மாவும் அக்காவும் ஒரு கிழமை மூதூரில் தெரிந்தவர் வீட்டில் அடைந்து கிடந்துவிட்டு வந்தார்கள். வந்த அன்று அக்கா ஒரு மஞ்சள் துண்டைக் கயிற்றில் கோத்து, குசினிக்குள் நின்று, தானே தன் தலைவழியாகப் போட்டுக்கொண்டாள். அம்மா சுவரைப் பார்த்தபடி நின்றார். பார்த்தால் பாவம் என்று நினைத்தாரோ தெரியாது.

பெடியள் அதற்குப் பிறகு எங்கள் படலைக்கு வரவில்லை. மாமா சொன்னது சரியாகத்தான் போயிற்று. ஆனால் அக்காவுக்கு மேற்கொண்டு படிக்கப் பள்ளிக்கூட வாசலும் இல்லாமல் போயிற்று. கொண்டை, குங்குமம், சேலை. வாசிகசாலைக்குப் போகக்கூடாது, சிநேகிதிகளோடு கிணற்றடியில் நின்று சிரிக்கக்கூடாது. பெண்கள் வந்து அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள். உங்களில் ஒருவன், யார் என்று எழுதமாட்டேன், “டேய், உன்ர மச்சான் ஆளே இல்லாமல் குடும்பம் நடத்திற கெட்டிக்காரனடா” என்று என்னை அழவைத்தான்.

மச்சான் கடிதம் எழுதமாட்டார், கசற்றில் பேசி அனுப்புவார். ஊரில் பற்றரி கிடையாது. மாமி சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் கசற் பாடும். நான் களைத்தால் மச்சானின் குரலும் களைத்துப் போகும். “சுத்தடா, சுத்தடா, பிள்ளைக்கு மூச்சு நிக்குது” என்று மாமி அதட்டுவார்.

புதிதாகக் கலியாணம் முடித்தவர்களைப் பார்த்துப் பதிவதற்கு மருத்துவமாது அம்மா சைக்கிளில் வருவார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். மாதவிலக்கு, சாப்பாடு என்று வழக்கமான கேள்விகளைத் தொடங்கியவர், அக்காவின் மடியில் விஞ்ஞானப் புத்தகம் இருந்ததைக் கண்டு நிறுத்திவிட்டார்.

“கலியாணம் முடிச்சும் படிக்கிறியோ?”

அக்கா அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அம்மா பதறிப்போய்ப் படலையைச் சாத்தினார். மருத்துவமாது அம்மா பதிவுப் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகுதான் அந்தச் செய்தியைச் சொன்னார். டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் புது வகுப்பு தொடங்குகிறார்கள். காலையில் ஆஸ்பத்திரி வார்ட்டில் வேலை பழகுவது, பின்னேரம் படிப்பு. முடித்தால் தாதிமார் பயிற்சிக்கு நேரே போகலாம். தங்க விடுதியும் உண்டு. ஆட்களை நேரில் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

“ஆனா கலியாணம் முடிச்ச பிள்ளையள எடுக்கமாட்டினம். இதைக் கழட்டிப்போட்டுத்தான் போகவேணும்.”

“டவுனுக்குப் போய்க் கழட்டுறன்” என்றாள் அக்கா. கன நாளைக்குப் பிறகு அவள் குரல் பழைய குரலாக இருந்தது.

மாமாவும் சம்மதித்தார். “போகேக்க தாலி, அங்க வெறுங்கழுத்து, வரேக்க தாலி. இதில என்ன இருக்கு?” தாலி போட்டால் என்ன நடக்கும் என்பதையெல்லாம் யோசித்த மனிதர், கழற்றினால் என்ன நடக்கும் என்று யோசிக்கவில்லை. நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

வளர்ந்த ஆண்கள் சாவடியில் மறிபடுவார்கள் என்று பயம். அதனால் அக்காவுக்கு ஆண் துணையாக என்னை அனுப்பினார்கள். சாவடியில் நின்றவன் அக்காவின் கழுத்தைப் பார்த்து, “மாப்ள எங்க?” என்று கேட்டான். “கட்டார்” என்றாள் அக்கா. லோஞ்சில் டீசல் புகை, தயிர்ச் சட்டிகள், கால் கட்டிய ஆடுகள். பக்கத்தில் இருந்த மூதூர்ப் பெண் ஒருவர் தயிர்ச் சட்டிகளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “புதுசா முடிச்ச புள்ளயா மகள்? அல்லாஹ் நல்லாக்கி வைக்கட்டும்” என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

டவுனில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு குழாயடி. அங்கே மதிலோரம் நின்று அக்கா கயிற்றைக் கழற்றி என் கையில் தந்தாள். நான் அதைக் கால்சட்டைப் பைக்குள் வைத்தேன். வியர்வையில் நனைந்து சூடாக இருந்தது. கொண்டையை அவிழ்த்து இரட்டைப் பின்னல் போட்டாள். வகிட்டுக் குங்குமம் முழுக்கப் போகவில்லை, தேய்க்கத் தேய்க்கத் தோல்தான் சிவந்தது. “தெரியுதோடா?” என்று கேட்டாள். “வெயிலுக்குச் சிவந்த மாதிரி இருக்கு” என்றேன்.

பள்ளிக்கூட விறாந்தையில் வாங்குகள் போட்டு இருபது முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். அக்கா ஓரிடத்தில் உட்கார்ந்து மூச்சு விட்டாள். அப்போதுதான் எதிர் வாங்கில் இருந்து முதலாளி எழுந்தார்.

எங்கள் ஊர்க் கடைக்கார முதலாளிதான். தன் மகளை டவுனில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் படிப்பித்தவர், அவளை அந்த வகுப்புக்குச் சேர்க்க முதல் நாளே வந்திருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் அவர் வாயில் எந்தக் கதையும் தங்காது. பெடியள் பிளேன்டீ குடிக்க வருவதும் அவர் கடைக்குத்தான்.

அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கழுத்தைப் பார்த்தார். அவருடைய கையில் இருந்த குடை விழுந்தது.

“ஐயோ பிள்ளை! கழுத்து... பெடியனுக்கு என்ன நடந்தது?”

அக்கா சேலைத் தலைப்பைக் கழுத்தடிக்கு இழுத்தாள்.

“கட்டார்ல இருந்து செய்தி வந்ததோ? எப்ப? நான் நேற்றுத்தானே கடையில இருந்து வெளிக்கிட்டனான்!”

கட்டின தாலியை ஒரு பெண் எதற்குக் கழற்றுவாள்? நம் சனத்துக்கு அதற்கு ஒரே காரணம்தான் தெரியும். புழுக்கமாக இருந்தது, கழற்றினேன் என்று சொல்ல முடியுமா? கலியாணமே பொய் என்று சொன்னால் அடுத்த நாள் அது கடையில் கதையாகும், அதற்கடுத்த நாள் எங்கள் படலைக்கு ஆள் வரும். கலியாணம் உண்மை, மனுசன் நன்றாக இருக்கிறான் என்றால் வகுப்பு இல்லை. அக்கா ஒரு பக்கம் என்னைப் பார்த்தாள், மறுபக்கம் ஆட்களை எடுக்கிற அறையின் கதவைப் பார்த்தாள். பிறகு அழுதாள். பயத்தில் வந்த அழுகை. முதலாளி அதையே பதிலாக எடுத்துக்கொண்டு தானும் தலையில் அடித்தார்.

சத்தம் கேட்டு வகுப்புக்குப் பொறுப்பான மிஸ் வெளியே வந்தார். முதலாளியே எல்லாம் சொன்னார். “முடிச்சு ஒரு வருசமும் ஆகேல்ல, மிஸ். சின்னப் பிள்ளை. இந்தக் கோலத்திலயும் படிப்பெண்டு வந்திருக்கு.”

மிஸ் அக்காவை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கதவு பாதி திறந்திருந்தது. கண்ணாடித் துண்டு ஏறிய காலுக்கு என்ன செய்வாய் என்று கேட்டது எனக்குக் கேட்டது. அக்கா மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, ஒன்றும் தவறவிடாமல் சொன்னாள்.

“முடிச்ச பிள்ளையள எடுக்கிறேல்ல எண்டுதான் சட்டம். உன்ர நிலைமைக்கு நான் பொறுப்பெடுக்கிறன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய வா” என்றார் மிஸ்.

இடம் கிடைத்துவிட்டது. செத்துப்போகாத ஒருவருடைய அந்தியேட்டிக்குப் பிறகு.

திரும்பும் லோஞ்சில் முதலாளியும் வந்தார். ஒவ்வொருவருக்கும் சொன்னார். பெண்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள், தோளைத் தடவினார்கள், யாரோ சோடா வாங்கித் தந்தார்கள். யாரும் எங்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அதனால்தான் மூச்சு முட்டியது.

“கயிறு எங்க, பிள்ளை? அதைக் கையில வைச்சிருக்கக் கூடாது. தண்ணியில விடுறதுதான் முறை” என்றார் ஒரு கிழவி.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பைக்குள் கையை விட்டேன். முழு லோஞ்சும் பார்த்துக்கொண்டிருக்க அவள் அதை வாங்கிக் கடலில் விட்டாள். மஞ்சள் கயிறு கொஞ்ச நேரம் மிதந்து, லோஞ்ச் கிளப்பிய நுரைக்குள் போயிற்று. எனக்குச் சைக்கிள் பெடலில் களைத்துப் போகும் மச்சானின் குரல் ஞாபகம் வந்தது. நாங்கள் அவரைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

மூதூரில் இறங்கியதும் யாரோ சைக்கிளில் முந்திப் போய்விட்டார்கள். நாங்கள் ஊருக்குள் நுழையும்போதே மாமாவீட்டுப் பக்கம் சத்தம் கேட்டது.

மாமி முற்றத்து மண்ணில் புரண்டுகொண்டிருந்தார். தலை அவிழ்ந்து, வாயெல்லாம் மண். கருங்கல் என்று சொன்ன மனுசி. யாரும் பொய் என்று அவருக்குச் சொல்லவில்லையே, அவரைப் பொறுத்தவரை மகன் உண்மையாகவே செத்துப் போயிருந்தான். மாமா பப்பாசி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முற்றம் நிறையச் சனம்.

அக்கா சனத்தை விலக்கிக்கொண்டு ஓடிப்போய் மாமியின்மேல் விழுந்தாள். நான் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தபடியே கூடப் போனதால் எனக்கும் கேட்டது. மாமியின் காதுக்குள் சொன்னாள்:

“மாமி, மச்சான் நல்லா இருக்கிறார். ஒண்டும் நடக்கேல்ல. முதலாளி கழுத்தைக் கண்டிட்டார். நான் மறுத்துச் சொல்ல ஏலாமல் போச்சு.”

மாமியின் குரல் அறுந்தது. அக்காவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். மாமி அண்ணாந்து முற்றத்தில் நின்ற சனத்தைப் பார்த்தார், படலையடியில் இரண்டு பெடியள் சைக்கிளோடு நிற்பதைப் பார்த்தார். பிறகு அக்காவின் தலையைத் தன் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினார், முன்னதைவிடப் பெரிதாக.

முற்றத்தில் நின்றவர்களில் நீங்களும் இருந்தீர்கள். சண்டை முடிந்து, மச்சான் நரைத்த தலையோடு பஸ்ஸில் வந்து இறங்கியபோது நீங்கள்தான் கேட்டீர்கள், நாங்கள் யாருக்கு அழுதோம் என்று. நான் பதில் சொல்லாமல் வேறு பக்கம் போனேன். இதுதான் பதில்.

ஆனால் மாமியால் அந்தப் பொய்ச் சாவைத் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் குசினிக்குள் அம்மாவிடம், “என்னால ஏலாது. உயிரோட இருக்கிறவனுக்கு எட்டுச் செலவெண்டு படைக்கிறதோ? அவனுக்கு ஏதும் நடந்தா? இனி அவன் எப்பிடி ஊருக்கு வாறது? நான் சனத்துக்குச் சொல்லப்போறன்” என்றார். வருகிறவர்கள் மச்சானின் கசற்றைப் போடச் சொல்லிக் கேட்டார்களாம். மாமி அதை அரிசிப் பானைக்குள் ஒளித்திருந்தார். அவரும் கேட்க முடியாது.

அக்காதான் பேசினாள். “சொல்லுங்கோ மாமி. நான் வகுப்புக்குப் போகேல்ல.”

“வாயைப் பொத்து” என்றார் மாமி. சொல்வதா இல்லையா என்பதைச் சொல்லவில்லை. எட்டாம் நாள்வரை அக்கா சாப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

எட்டாம் நாள் காலையில் மாமி எழுந்து அடுப்பு மூட்டினார். செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பதுதானே முறை. நண்டுக் கறி, கணவாய், முருங்கைக்காய், கடலை வடை, எல்லாம் மச்சானுக்குப் பிடித்தவை. முதலாளி ஒரு கால் போத்தல் சாராயம் கொண்டுவந்து இலையோரம் வைத்தார்.

“எடுங்கோ அதை. என்ர பிள்ளை குடிக்கமாட்டான்” என்றார் மாமி.

“எங்கட மனத் திருப்திக்கு வைக்கிறதுதானே அக்கா” என்றார் முதலாளி மாமியிடம்.

“எடுங்கோ எண்டுறன்!”

படைத்துவிட்டு அறையைச் சாத்தி வைப்பார்கள், செத்தவர் வந்து சாப்பிட்டுப் போவதற்கு. மாமி என்னை விளக்குப் பிடிக்கச் சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். புழுக்கம். நண்டு மணமும் கற்பூர மணமும். மாமி இலைக்கு முன்னால் முழந்தாளில் இருந்து கும்பிட்டார்.

“பிள்ளையாரே, என்ர பிள்ளைக்கு நீண்ட ஆயுசைக் குடு. நான் செய்யிறதை அவன்ர தலையில போடாத. என்ர தலையில போடு.”

பிறகு நண்டின் பெரிய காலை உடைத்து என் கையில் தந்தார்.

“தின். உயிரோட இருக்கிறவனுக்குச் சமைச்சது. தின்னாமக் கிடக்கக் கூடாது.”

நான் விளக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு தின்றேன். மாமி ஒரு முருங்கைக்காய்த் துண்டைச் சப்பினார். கண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. என் வாயைத் தன் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

சனம் எட்டிப் பார்த்தது. முதலாளிதான் முதலில் கண்டார்.

“பாருங்கோ, நண்டுக் கால் ஒண்டைக் காணேல்ல! பெடியன் வந்து சாப்பிட்டுப் போயிட்டான்!”

பெண்கள் குழறி அழத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்துக்குள் மாமி முற்றத்தைக் கடந்து, வேலியோரம் நின்ற அக்காவிடம் போனார்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? போய்ப் பெட்டியை அடுக்கு” என்றார்.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் எழுதியது.